மரம் காற்றைத் தின்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காற்று, மண், உரம், மூச்சு என்று ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததால் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கே: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். "இவ்வளவு பெரிய மரம் மண்ணைத் தின்றுதானே வளர்ந்தது, அப்போ மரத்தைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கணுமே, ஏன் விழலை?" என்று கேட்கிறான். ஒளிச்சேர்க்கை என்று சொல்லிப் பார்த்தேன், விடுவதாக இல்லை.

ப: விடவே கூடாது. ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்னால் பிரஸ்ஸல்ஸில் பிறந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவருக்கும் இதே சந்தேகம்தான். அவர் அடுப்பில் வைத்து உலர்த்திய 200 ராத்தல் மண்ணை ஒரு தொட்டியில் கொட்டி, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றாமல் 5 ஆண்டு காத்திருந்தார். தூசி விழுந்து கணக்கு கெட்டுவிடக் கூடாது என்று தொட்டிக்கு ஓட்டை போட்ட தகர மூடி வேறு. கடைசியில் மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் 169 ராத்தல், அதாவது 164 ராத்தல், ஏறக்குறைய 74 கிலோ கூடியிருக்கிறது. மண்ணைத் திரும்ப உலர்த்தி நிறுத்தால் குறைந்தது 2 அவுன்ஸ். 60 கிராம்கூட இல்லை!

அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அந்தக் காலத்தில் அதைவிட நல்ல முடிவு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவரே அவர்தான். 62 ராத்தல் கரியை எரித்தால் 1 ராத்தல் சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி 61 ராத்தலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாகப் போய்விடுகிறது என்றும் எழுதி வைத்திருக்கிறார். மரம் எரிந்தால் எதுவாகப் போகிறதோ அதிலிருந்துதான் மரமே வந்தது என்று இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். போடவில்லை.

உலர்ந்த மரக்கட்டையில் பாதி எடை கார்பன். அந்தக் கார்பன் மொத்தமும் காற்றில் இருக்கும் கரியமில வாயுவிலிருந்து வந்தது. காற்றில் 10,000 மூலக்கூறுகளை எண்ணினால் அதில் 4 தான் கரியமில வாயு, அதை இலைகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத்தான் இத்தனை பெரிய அடிமரத்தைக் கட்டுகின்றன. மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: மரம் காற்றைத் தின்கிறது, தண்ணீரைக் குடிக்கிறது, மண்ணிலிருந்து உப்பு அளவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த 60 கிராமை லேசாக நினைக்க வேண்டாம். நைட்ரஜன் அதற்குள்தான் இருக்கிறது, இந்தப் பக்கத்தின் மீதிக் கதையும் அங்கேதான்.

கே: 800 கோடி பேர் இரவு பகலாகக் கரியமில வாயுவை ஊதித் தள்ளுகிறோம். வண்டியையும் ஆலையையும் திட்டுகிறவர்கள் மூச்சை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

ப: சேர்த்தாலும் பூஜ்ஜியம்தான் வரும், அதனால்தான். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 1 கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறார். எல்லோருக்கும் பெருக்கினால் ஆண்டுக்கு 300 கோடி டன் பக்கம் போகும், எண்ணைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. சரி, அந்தக் கார்பன் உங்களுக்குள் எப்படி வந்தது? நீங்கள் சாப்பிட்ட தானியத்திலிருந்து. அந்தத் தானியம் அதை ஓரிரு பருவங்களுக்கு முன்னால் இதே காற்றிலிருந்து இழுத்தது. இறைச்சி சாப்பிட்டிருந்தால் நடுவில் இன்னொரு வயிறு, அவ்வளவுதான் வித்தியாசம். கைமாற்றாக வாங்கியதை அதே கையில் திருப்பிக் கொடுக்கிறீர்கள், கடன் ஏறவில்லை. (அந்தத் தானியத்தை விளைவிக்கவும் கொண்டுவரவும் எரித்த டீசல் தனிக் கணக்கு, அது வண்டிக் கணக்கில் வந்துவிடும்.)

நிலக்கரியும் பெட்ரோலும் அப்படி இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் மட்கிப் போகாமல் சேற்றிலும் கடலடியிலும் சிக்கி, சுழற்சியை விட்டே வெளியேறிப் போன கார்பன் அது. அதைத் தோண்டி எரித்து ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவாகக் காற்றில் விடுகிறோம். மூச்சுக் கணக்கைவிடப் பத்து மடங்குக்கு மேல், அதுவும் புது வரவு. கடலும் செடிகொடிகளும் சேர்ந்து அதில் ஏறக்குறைய பாதியை இழுத்துக்கொள்கின்றன, மீதி காற்றிலேயே தங்கிவிடுகிறது.

அது பழைய கார்பன்தான் என்று எப்படித் தெரியும் என்று அடுத்த கடிதம் வருவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருப்பவை எல்லாவற்றிலும் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை கொஞ்சம் இருக்கும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். நிலக்கரியின் வயதுக்கு அது எப்போதோ காலியாகியிருக்கும். 1955இல் ஹான்ஸ் சூயஸ் என்பவர் மர வளையங்களைச் சோதித்தபோது புதிய வளையங்களில் கார்பன்-14 எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. கலப்படத்தைப் பால்மானி காட்டிக் கொடுக்கிற மாதிரி, பழைய கார்பன் கலந்திருப்பதை மரமே காட்டிக் கொடுத்துவிட்டது.

கே: 10 கிலோ எடை குறைத்தேன். அந்தக் கொழுப்பு எங்கே போனது? உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் வியர்வையாகப் போனது என்கிறார்.

ப: முதலில் பாராட்டுகள், நான் 4 கிலோவோடு நின்றுவிட்ட ஆள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூக்கு வழியே போகிறது, 1.6 கிலோதான் தண்ணீராகிறது. ஆமாம், பெரும்பகுதியை ஊதியே தள்ளியிருக்கிறீர்கள். அதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் எடை குறையாது, தலைதான் சுற்றும். கொழுப்பில் நைட்ரஜன் கிடையாது என்பதால் இது இவ்வளவு சுத்தமான கணக்கு. கொழுப்போடு தசையும் கரைந்திருந்தால் தசைப் புரதத்தில் இருந்த நைட்ரஜனை மூக்கு வழியாக அனுப்ப முடியாது. அது யூரியாவாகிச் சிறுநீரில்தான் போக வேண்டும்.

கே: சென்ற இதழில் "மந்த வாயுவான நைட்ரஜன்" என்று எழுதியிருந்தீர்கள். மந்த வாயு என்றால் ஹீலியம், நியான், ஆர்கான்தானே? இரண்டாவது, காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், ஒவ்வொரு மூச்சிலும் அதைத்தான் அதிகம் இழுக்கிறோம். பிறகு எதற்குப் புரதம் சாப்பிட வேண்டும்?

ப: முதல் குட்டு சரியான இடத்தில் விழுந்தது. வேதியியல் கணக்கில் நைட்ரஜன் மந்த வாயு இல்லை, என் தப்பு.

இரண்டாவதுக்கு வருவோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், நைட்ரஜன் விஷயத்தில் வாய்க்கும் எட்டி நுரையீரல் வரைக்கும் போய்ப் பயனில்லாமல் திரும்பி வருகிறது. காற்றில் அது ஒற்றையாகத் திரிவதில்லை, இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பிடியைப் பிரிப்பது வேதியியலிலேயே கடினமான வேலைகளில் ஒன்று. கரியமில வாயுவுக்கு இலையில் கதவு திறந்திருக்கிறது, காற்றில் துளிதான் இருந்தாலும் செடிக்குப் போதும். நைட்ரஜன் குவிந்து கிடக்கிறது, ஆனால் பூட்டு. உங்களிடமும் சாவி இல்லை, என்னிடமும் இல்லை, எந்தச் செடியிடமும் எந்த விலங்கிடமும் இல்லை.

சாவி இருப்பது சில நுண்ணுயிர்களிடம் மட்டும். பயறுச் செடி ஒன்றைப் பூக்கும் சமயத்தில் மெதுவாக, வேர் அறாமல் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள் தொங்கும். பார்த்தவுடன் ஏதோ நோய் என்றுதான் தோன்றும், ஆனால் சாவி வைத்திருக்கும் பாக்டீரியா குடியிருப்பது அங்கேதான். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு, கிட்டத்தட்ட ரத்தச் சிவப்பு. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு புரதம் அங்கே இருக்கிறது. நைட்ரஜன் பூட்டைத் திறக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது, ஆனால் பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். அதனால் செடியே இந்தச் சிவப்புப் புரதத்தைத் தயாரித்து ஆக்சிஜனை எண்ணி எண்ணி உள்ளே அனுப்புகிறது. கிள்ளிய முடிச்சு பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அங்கே வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம். இந்த முடிச்சுகளின் ரகசியத்தை 1886இல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பயறு போட்ட நிலத்தில் அடுத்த பயிர் நன்றாக வரும் என்று உழவர்களுக்குத் தெரியும், காரணம் மட்டும் தெரியாது.

பாக்டீரியா இதை இலவசமாகச் செய்யவில்லை, செடி தன் சர்க்கரையைப் படியளக்கிறது. காற்றிலிருந்து வந்த கார்பனைக் கொடுத்து, காற்றிலிருந்து வந்த நைட்ரஜனை வாங்குகிற பண்டமாற்று. நீங்கள் மண்ணில் நைட்ரேட் உரத்தை அள்ளிப் போட்டால் செடி இந்தக் கூட்டாளியைக் கழற்றிவிடப் பார்க்கும், முடிச்சுகள் குறைந்துபோகும். சும்மா கிடைக்கும்போது எதற்குச் செலவு!

மின்னலும் கொஞ்சம் நைட்ரஜனைப் பிரித்து மழையோடு இறக்குகிறது, ஆனால் நுண்ணுயிர்கள் செய்வதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். ஆக, உங்கள் தட்டில் இருக்கும் புரதத்தின் நைட்ரஜன் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு பாக்டீரியா வழியாகவோ, ஒரு மின்னல் வழியாகவோ, ஒரு தொழிற்சாலை வழியாகவோதான் வந்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்குக் கீழே வருகிறேன்.

கே: இயற்கை உரம் நல்லது என்று படித்துவிட்டு மரம் அறுக்கும் இடத்திலிருந்து தூள் வாங்கி வந்து மண்ணோடு நன்றாகக் கலந்தேன். மூன்று வாரத்தில் செடிகள் எல்லாம் மஞ்சள். மரத்தூளில் விஷம் இருக்குமா?

ப: விஷம் இல்லை, பட்டினி. உங்கள் செடிகள் பந்தியில் உட்கார்ந்தும் சாப்பாடு கிடைக்காமல் இருக்கின்றன, ஏனென்றால் நீங்கள் பக்கத்தில் ஒரு பெரும்படையைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டீர்கள்.

மண்ணில் இருக்கும் நுண்ணுயிரின் உடம்பில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 8 பங்கு கார்பன் என்ற அளவில் இருக்கும். அது சாப்பிடும் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக விட்டுவிடும், ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும். ஆகவே 24 பங்கு கார்பன் உள்ளே போனால் 16 காற்றோடு போக, 8 தங்கும், அந்த 8-க்கு ஜோடியாக 1 நைட்ரஜன் வேண்டும். 24-க்கு 1, இதுதான் அதற்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு. மட்கு உரம் போடுகிறவர்கள் 25-க்கு 1, 30-க்கு 1 என்று சொல்வது எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். காய்கறிக் கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 15, 20 பங்கு கார்பன்தான், அது சரியாகப் போய்விடும். காய்ந்த வைக்கோலில் 80. மரத்தூளில் பல நூறு! இவ்வளவு கார்பனைக் கண்டதும் நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகுகின்றன. பெருகுவதற்கான நைட்ரஜன் தூளில் இல்லாததால் மண்ணில் கரைந்து கிடப்பதை முதலில் அள்ளிக்கொள்கின்றன, செடியின் வேர் அவற்றோடு போட்டி போட முடியாது.

எந்த இலை மஞ்சளாகிறது என்று குனிந்து பாருங்கள். அடி இலைகள் மஞ்சள், நுனித் தளிர் பச்சை என்றால் நைட்ரஜன் பஞ்சம்தான். செடி பழைய இலைகளைப் பிரித்து அதிலிருக்கும் நைட்ரஜனைக் குருத்துக்கு அனுப்புகிறது. வீட்டில் கஷ்டம் வந்தால் பெரியவர்கள் சாப்பிடாமல் குழந்தைக்குக் கொடுப்பதில்லையா, அது மாதிரி. என்ன செய்யலாம்? நன்றாக மட்கிய சாணமோ வேறு நைட்ரஜன் உரமோ கொஞ்சம் போடுங்கள். இல்லை, பொறுமை இருந்தால் சில மாதம் விடுங்கள், தூள் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் பட்டினியில் செத்து, விழுங்கிய நைட்ரஜனை மண்ணுக்கே திருப்பித் தரும். இனிமேல் மரத்தூளை மண்ணோடு கலக்காமல் மேலாக மூடாக்குப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

நான் செய்தது நேர் எதிர்த் தப்பு. மட்குக் குழியில் பச்சைப் புல்லையும் கோழி எச்சத்தையும் மட்டும் அடைத்தேன். கார்பன் போதாமல், மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாகக் கிளம்பி, கண் எரிந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காய்ந்த சருகை நான்கு கூடை கொட்டியபிறகுதான் வீட்டுக்குள் அமைதி திரும்பியது.

கே: அமேசான் காடு உலகத்துக்கு 20 சதவீத ஆக்சிஜன் தருகிறதாமே?

ப: தருகிறது, ஆனால் அவ்வளவு இல்லை; தந்ததைத் தானே செலவழித்தும் விடுகிறது. மரங்கள் இரவும் பகலும் மூச்சு விடுகின்றன, விழுந்த இலையையும் கிளையையும் பூஞ்சையும் பூச்சியும் தின்று மூச்சு விடுகின்றன, கூட்டிக் கழித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன், மட்காமல் புதைந்துபோன கார்பனுக்கு ஈடாகப் பல கோடி ஆண்டுகளில் சேர்ந்த வைப்புத்தொகை. உலகத்துச் செடிகொடிகள் அத்தனையும் எரிந்தாலும் அதில் 1 சதவீதம்கூடக் குறையாது. காட்டைக் காப்பாற்ற வேறு நூறு காரணம் இருக்கிறது, அதில் பிடித்திருக்கும் கார்பனே முதல் காரணம், இந்தப் பொய் தேவையில்லை.

கே: மீன் தொட்டி வாங்கி, கழுவி, தண்ணீர் நிரப்பி அன்றைக்கே 12 மீன் விட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பத்து நாளில் எல்லாம் செத்துவிட்டன. நோயுள்ள மீனைத் தலையில் கட்டிவிட்டார்களா?

ப: விற்றவர்மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் கோளாறு. மீன் தன் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே விடுகிறது. நாம் யூரியாவாக்கி விடுகிறோம், பறவைகள் வெள்ளையாக எச்சமிடுகின்றன, மீனைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் அதற்கு அந்தச் செலவு தேவையில்லை. ஆற்றில் அது கரைந்து போய்விடும். உங்கள் தொட்டியில் எங்கே போகும்?

பழகிய தொட்டியில் கூழாங்கல், கண்ணாடி, வடிகட்டிப் பஞ்சு எல்லாவற்றிலும் வழுவழுவென்று ஒரு படலம் இருக்கும். அதில் ஒரு பாக்டீரியாக் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு வரை மீனுக்குப் பரவாயில்லை, முதல் இரண்டும் விஷம். நைட்ரைட் ஏறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும், அதுவரை ஒன்றிரண்டு மீனும் குறைவான தீனியும் போதும். பழைய தொட்டியின் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் இன்னும் சீக்கிரம் ஆகும். அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் அலசாதீர்கள். நான் அலசினேன், பளிச்சென்று ஆகும்வரை பிழிந்து பிழிந்து அலசினேன், குளோரின் அத்தனை பாக்டீரியாவையும் கொன்றுவிட்டது. அந்த வாரம் என் வீட்டிலும் இதே கதைதான்.

கே: ரசாயன உரம்தான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். உலகம் முழுக்க நாளைக்கே நிறுத்தினால் என்ன?

ப: பட்டினி. உரம் போடுகிற விதத்தில் நிறையக் கேடு இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் "நாளைக்கே" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

பூட்டைத் திறக்கும் சாவி பாக்டீரியாவிடம் மட்டும் இருந்தது என்றேன் அல்லவா, 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் கள்ளச்சாவி போட்டார்: காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து, உரத்துக்கு அடிப்படையான அம்மோனியா ஆக்கினார். கார்ல் போஷ் அதைப் பெரிய அளவுக்குக் கொண்டுவந்தார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. பாக்டீரியா சாதாரண மண் வெப்பத்தில் செய்வதை நாம் 400, 500 டிகிரியிலும் வளிமண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தத்திலும் இரும்பு வினையூக்கியை வைத்துக்கொண்டு செய்கிறோம். அதற்கு வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. அதாவது நைட்ரஜனை இறக்குவதற்காகக் கார்பனை ஏற்றுகிறோம். இன்றைக்கு உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்த உரத்தில் விளைந்ததைச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் தசையிலும் என் தசையிலும் அந்த ஆலை நைட்ரஜன் கணிசமாக இருக்கிறது, இதை எழுதும் கையிலும்தான்.

இப்போது கேடு. போட்ட உரத்தில் ஏறக்குறைய பாதிதான் பயிருக்குள் போகிறது. மீதியில் நிறைய நைட்ரேட்டாகக் கரைந்து நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் ஓடுகிறது. கடலில் சேரும் இடத்தில் பாசி பெருகி, செத்து, அதை மட்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிட, மீன் வாழ முடியாத பரப்பு உண்டாகிறது. மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோடைதோறும் இது நடக்கிறது. மண்ணில் காற்றுப் புகாத இடங்களில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைத் திரும்ப நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கே அனுப்புகின்றன. சுழற்சி முடிகிற இடம் அது, அவை இல்லாவிட்டால் நைட்ரஜன் எல்லாம் எப்போதோ கடலில் போய்த் தங்கியிருக்கும். ஆனால் அந்த வேலை பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும், அது கிலோவுக்குக் கிலோ கரியமில வாயுவைவிட 270 மடங்கு அளவுக்குச் சூடேற்றும், நூறு ஆண்டுக்கு மேல் காற்றில் தங்கும். அதனால் நான் சொல்வது: நிறுத்த வேண்டாம், அளவாக, பல தவணையாக, பயிர் கேட்கும்போது போட வேண்டும். நடுவில் ஒரு பயறு. கேட்கச் சலிப்பாக இருக்கும், தெரியும்.

கே: பூமி மூச்சு விடுகிறது என்று ஒருவர் பேசினார். கவிதையா, அறிவியலா?

ப: வரைபடமே இருக்கிறது. ஹவாயில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சார்லஸ் கீலிங் 1958இல் காற்றை அளக்கத் தொடங்கினார். கரியமில வாயு ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சிக்குப் போய், செப்டம்பர் வாக்கில் தாழ்கிறது. வடகோளத்தில்தான் நிலமும் காடும் அதிகம், அங்கே கோடையில் இலை விட்டால் இறங்குகிறது, உதிர்ந்து மட்கினால் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து கோடே மேலே போய்க்கொண்டிருக்கிறது: அன்றைக்குப் பத்து லட்சத்தில் 315 பங்கு, இன்றைக்கு 420-ஐத் தாண்டிவிட்டது.

கே: செத்த பிறகு எரித்தால் நல்லதா, புதைத்தால் நல்லதா? சடங்கை விடுங்கள், சுழற்சிக் கணக்கில் சொல்லுங்கள்.

ப: சராசரி உடம்பில் ஏறக்குறைய 12 கிலோ கார்பனும் 2 கிலோ நைட்ரஜனும் இருக்கும். எரித்தால் கார்பன் ஓரிரு மணி நேரத்தில் காற்றுக்குப் போய்விடும். நைட்ரஜனும் பெரும்பாலும் பழையபடி பூட்டிக்கொண்டு காற்றிலேயே கலந்துவிடும், செடிக்கு ஒன்றும் கிடைக்காது. மிஞ்சும் சாம்பல் பெரும்பாலும் எலும்பின் கால்சியமும் பாஸ்பரஸும்தான். எரிக்கச் செலவான எரிபொருளையும் மறக்கக் கூடாது. ஆழமில்லாமல் மண்ணில் விட்டால் கார்பன் போக மாதங்களும் ஆண்டுகளும் ஆகும், நைட்ரஜன் அம்மோனியாவாக மண்ணில் இறங்கும். காட்டில் பெரிய விலங்கு செத்துக் கிடந்த இடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: முதலில் சுற்றியிருக்கும் புல் கருகிச் சாகும், அவ்வளவு காரம். அப்புறம் அடுத்தடுத்த பருவத்தில் அதே இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும். சுழற்சிக் கணக்கு மட்டும்தான் கேட்டீர்கள் என்பதால் என் ஓட்டு மண்ணுக்கு. அவசரம் ஒன்றும் இல்லை.